ராபிட்எம்க்யூ கன்டெய்னருக்கு எவ்வளவு மெமரி லிமிட் வைப்பது?

கேள்வி இது: கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் மூன்று பாட் (கன்டெய்னர் ஓடும் அலகு) கொண்ட ராபிட்எம்க்யூ 3.13 கிளஸ்டர் ஓடுகிறது. மெசேஜ்களை வாங்கி க்யூவில் வைத்துக் கொடுக்கும் புரோக்கர் மென்பொருள் அது. கிளஸ்டரைத் தானாக அமைத்துப் பராமரிக்கும் ஆபரேட்டர் எதுவும் இல்லை, பாட்களை வரையறுக்கும் ஸ்டேட்ஃபுல்செட்டைச் சொந்தமாக எழுதியிருக்கிறார்கள். பாடுக்கு 2 ஜிபி லிமிட், அடியில் இருக்கும் மெஷின்களில் 32 ஜிபி ராம், எல்லாம் கோரம் க்யூக்கள், அதாவது பல நோட்களில் (ஒவ்வொரு பாடிலும் ஓடும் ராபிட்எம்க்யூ) பிரதி வைத்திருக்கும் வகை. மெசேஜை வாங்கும் கன்ஸ்யூமர்கள் கொஞ்சம் மெதுவானால் போதும், ஏதாவது ஒரு பாட் 137 என்ற எக்ஸிட் கோடோடு விழுகிறது; ஓஓஎம்கில்ட் (மெமரி போதாமல் கொல்லப்பட்டது) என்று காட்டுகிறது. லிமிட்டை 3 ஜிபி ஆக்கிப் பார்த்தாலும் அதே கதைதான், சில மணி நேரம் தாமதமாக. சரியான லிமிட் எவ்வளவு?

ஒரு பாடுக்கு 4 ஜிபியில் தொடங்குங்கள். ரிக்வெஸ்ட்டும் (பாடுக்கென்று ஒதுக்கி வைக்கச் சொல்லும் மெமரி) லிமிட்டும் ஒரே எண்ணாக இருக்கட்டும். ஆனால் அதோடு நிறுத்தினால் 3 ஜிபியில் செத்தது 4 ஜிபியிலும் சாகும், 8 ஜிபியிலும் சாகும். உங்கள் புரோக்கருக்குத் தான் எவ்வளவு சின்ன இடத்தில் குடியிருக்கிறோம் என்பதே தெரியாது. கேள்வியோடு நீங்கள் கொடுத்த லாக் வரியைத் திரும்பப் பாருங்கள்: மெமரி ஹை வாட்டர்மார்க் சுமார் 12.8 ஜிபி, மொத்தம் 32 ஜிபி என்று இருக்கிறது. நோட் எழுந்ததும் எழுதும் முதல் சில வரிகளில் இது வரும். மெமரி பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் நான் முதலில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான்.

இங்கே இரண்டு வேலிகள் இருக்கின்றன. ஒன்று ராபிட்எம்க்யூ தனக்குத்தானே போட்டுக்கொள்வது, அதுதான் வாட்டர்மார்க். 3.13 வரை அதன் இயல்பு மதிப்பு மொத்த மெமரியில் 0.4, 4.0 முதல் 0.6 ஆக்கிவிட்டார்கள். நோட்டின் மெமரி அந்த அளவைத் தாண்டியதும் அலாரம் எழுந்து, மெசேஜ் அனுப்பும் கனெக்‌ஷன்கள் நிறுத்தி வைக்கப்படும். இன்னொன்று லினக்ஸ் கெர்னல் சி-குரூப் (ப்ராசஸ் குழுவுக்கு வரம்பு போடும் வசதி) வழியாகப் போடுவது. நீங்கள் யாம்லில் எழுதும் லிமிட் இதுதான். இதைத் தொட்டால் பேச்சுவார்த்தை எல்லாம் கிடையாது. கெர்னல் முதலில் பேஜ் கேஷை (டிஸ்க் கோப்புகளுக்காக மெமரியில் வைத்திருக்கும் நகல்) விடுவித்துப் பார்க்கும், அதுவும் போதவில்லை என்றால் சிக்னல் 9. 128-ஐயும் 9-ஐயும் கூட்டினால் உங்கள் 137.

முதல் வேலி இரண்டாவதற்கு நன்றாக உள்ளே இருக்க வேண்டும். உங்களிடம் முதலாவது 12.8 ஜிபியிலும் இரண்டாவது 2 ஜிபியிலும் இருக்கின்றன. லினக்ஸில் மொத்த மெமரி எவ்வளவு என்று அறிய வழக்கமாகப் பார்க்கும் இடம் ப்ராக் கோப்பகத்திலுள்ள மெம்இன்ஃபோ. கன்டெய்னருக்குள் இருந்து படித்தாலும் அது ஹோஸ்டின் எண்ணைத்தான் காட்டும். அதனால் 32 ஜிபியில் 0.4 என்று கணக்குப் போட்டு உங்கள் நோட் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது. குக்கரில் விசில் அடிப்பதற்கு முன்பே சேஃப்டி வால்வு உருகிப்போவது மாதிரியான நிலைமை. விசில் பழுது இல்லை, அதற்கு எடை தப்பாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி செய்ய இரண்டு வழிகள். முதல் வழி, மொத்த மெமரி எவ்வளவு என்பதைக் கான்ஃபிக் கோப்பில் நீங்களே சொல்லிவிடுவது. டோட்டல் மெமரி அவெய்லபிள் ஓவர்ரைட் வேல்யூ என்ற அமைப்பு அதற்கானது. அதைக் கொடுத்தால் 0.4, 0.6 போன்ற விகிதங்கள் ஹோஸ்டின் ராமை விட்டுவிட்டு இந்த எண்ணின் மேல் கணக்கிடப்படும். இரண்டாவது வழி, விகிதமே வேண்டாம் என்று வாட்டர்மார்க்கை அப்சல்யூட்டாக, நேரடி அளவாக எழுதுவது. எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். மேனேஜ்மென்ட் திரையிலும் லாகிலும் மொத்தம் என்று வரும் எண் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். பிறகு வந்து பார்ப்பவர் 32 ஜிபி என்று படித்துக் குழம்ப மாட்டார்.

எழுதும்போது அலகைக் கவனியுங்கள். குபர்நெட்டிஸில் 2ஜிஐ என்றால் 1024-ன் அடுக்கில் 214 கோடியே 74 லட்சம் சொச்சம் பைட். ராபிட்எம்க்யூ கான்ஃபிக்கில் 2ஜிபி என்று எழுதினால் 1000-ன் அடுக்கில் 200 கோடி பைட். ஏழு சதவீத வித்தியாசம். இந்தப் பக்கம் குறைந்தால் பரவாயில்லை, ஆனால் யாம்லில் வெறும் ஜி போட்டு கான்ஃபிக்கில் ஜிஐபி போட்டவர்களுக்கு அது எதிர்ப்பக்கம் கடிக்கும். இந்தப் பதிலில் நான் ஜிபி என்று எழுதும் இடமெல்லாம் 1024 கணக்குதான்.

டாக்கர் கம்போஸில் ஓட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய வழிகாட்டிகளில் வாட்டர்மார்க்கை என்விரான்மென்ட் வேரியபிள் மூலம் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். அதிகாரபூர்வ டாக்கர் இமேஜில் 3.9 முதல் அது செல்லாது, கான்ஃபிக் கோப்புதான் வழி. அப்புறம் டாக்கரில் மெமரி லிமிட் மட்டும் கொடுத்து ஸ்வாப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால், ஹோஸ்டில் ஸ்வாப் இருக்கும் பட்சத்தில், லிமிட் அளவுக்கே இன்னொரு பங்கு ஸ்வாப்பையும் கன்டெய்னர் எடுத்துக்கொள்ளலாம். ஸ்வாப்பில் (மெமரிக்குப் பதில் டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) விழுந்த எர்லாங் நோட் (ராபிட்எம்க்யூ எழுதப்பட்ட மொழி எர்லாங்) செத்துத் தொலைக்காது, ஆனால் ஹார்ட்பீட்டுக்குப் பதில் சொல்லாமல் கிளஸ்டரையே இழுத்தடிக்கும். மெமரி-ஸ்வாப் அளவையும் மெமரி அளவையும் ஒன்றாகவே வைத்து ஸ்வாப்பை அடைத்துவிடுங்கள்.

இனி எண்ணுக்கு வருவோம். ராபிட்எம்க்யூ குழுவே தரும் கிளஸ்டர் ஆபரேட்டர் இதை எப்படிச் செய்கிறது என்று பார்த்தால் நல்ல அளவுகோல் கிடைக்கும். நீங்கள் கொடுக்கும் லிமிட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளி வைத்துவிட்டு மீதியைத்தான் மொத்த மெமரி என்று நோட்டுக்குச் சொல்கிறது. தள்ளி வைப்பதற்கும் உச்சவரம்பு உண்டு, அதிகபட்சம் 2 ஜிபி. ஆக 4 ஜிபி லிமிட் என்றால் நோட்டுக்குத் தெரிவது 3.2 ஜிபி, 20 ஜிபி லிமிட் என்றால் 18 ஜிபி. நீங்கள் ஆபரேட்டருக்கு மாறாவிட்டாலும் இந்தக் கணக்கை அப்படியே கடன் வாங்கிக்கொள்ளலாம். மாற முடிந்தால் மாறுங்கள் என்பேன். கையால் எழுதிய ஸ்டேட்ஃபுல்செட்டில் மறந்துபோகிற பல விஷயங்களை அது பார்த்துக்கொள்கிறது.

3.2 ஜிபியில் 0.4 என்றால் வாட்டர்மார்க் 1.28 ஜிபியில் நிற்கும். 4 ஜிபி வாடகை கொடுத்து 1.28 ஜிபியில் குடியிருப்பதா என்று பலருக்கு வயிறு எரியும். உடனே 0.9 என்று எழுதிவிடுவார்கள். அந்த இடைவெளியில் என்னென்ன உட்காருகிறது என்று தெரிந்தால் அப்படிச் செய்யத் தோன்றாது.

முதலாவது எர்லாங்கின் கார்பேஜ் கலெக்‌ஷன். எர்லாங்கில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனித்தனி ஹீப், அதாவது தரவு வைக்கும் மெமரிப் பகுதி. ஒரு ஹீப்பைச் சுத்தம் செய்யும்போது உயிரோடு இருக்கும் தரவைப் புதிய இடத்துக்கு நகலெடுத்த பிறகே பழையது விடுவிக்கப்படும்; நடுவில் ஒரு கணம் இரண்டும் இருக்கும். மோசமான நிலையில் மெமரி இரு மடங்காகும் என்ற கணக்கில்தான் பல வருடம் 0.4 இயல்பாக இருந்தது. மெசேஜ் உடல்கள் இப்போது பெரும்பாலும் டிஸ்க்குக்குப் போய்விடுவதால் 0.6 வரை ஏற்றியிருக்கிறார்கள். 0.4-லிருந்து 0.7-க்குள் வையுங்கள் என்பது அவர்களின் பொதுவான பரிந்துரை. கன்டெய்னருக்குள் நான் 0.6-ஐத் தாண்ட மாட்டேன்.

இரண்டாவது, வாட்டர்மார்க் ஒரு தடுப்புச் சுவர் கிடையாது. நோட் ஏறக்குறைய இரண்டரை வினாடிக்கு ஒரு முறை தன் மெமரியைப் பார்க்கிறது, தாண்டியிருந்தால் மெசேஜ் அனுப்பும் பப்ளிஷர்களை நிறுத்துகிறது. அதற்குள் ஏற்கனவே சாக்கெட்டில் வந்து சேர்ந்தவை, மற்ற நோட்களிலிருந்து வரும் பிரதிகள், கன்ஸ்யூமர்களுக்குப் போய்க்கொண்டிருப்பவை எல்லாம் அலாரத்துக்குப் பிறகும் இடம் கேட்கும்.

மூன்றாவது, பலர் கணக்கில் சேர்க்காதது: நோட் அளப்பதும் கெர்னல் அளப்பதும் ஒன்றல்ல. ராபிட்எம்க்யூ தன் ப்ராசஸின் ஆர்எஸ்எஸ்ஸை (அந்த ப்ராசஸ் ராமில் பிடித்திருக்கும் அளவு) பார்க்கிறது. சி-குரூப்போ அந்தக் கன்டெய்னருக்காகச் செலவான எல்லாவற்றையும் சேர்க்கிறது: கோப்புகளைப் படித்து எழுதியதால் வந்த பேஜ் கேஷ், டிசிபி சாக்கெட் பஃபர்கள், மெமரியில் மவுன்ட் செய்த டிரெக்டரிகள். எம்ப்டிடிர் வால்யூமை மெமரி மீடியத்தில் வைத்து அதில் டேட்டா டிரெக்டரியை மவுன்ட் செய்திருந்தால், வேகத்துக்காக என்று யாராவது அப்படிச் செய்திருப்பார்கள், ஒவ்வொரு க்யூ கோப்பும் உங்கள் லிமிட்டிலிருந்துதான் கழிகிறது. அப்படி இருந்தால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

பேஜ் கேஷைப் பற்றிப் பயப்படவும் வேண்டாம். கோரம் க்யூவும் ஸ்ட்ரீமும் டிஸ்க்கில் நிறைய எழுதும், அதனால் குபர்நெட்டிஸ் டேஷ்போர்டில் மெமரி லிமிட்டை ஒட்டியே கோடு போய்க்கொண்டிருக்கும். குபர்நெட்டிஸ் காட்டும் வொர்க்கிங் செட் எண், மொத்தத்திலிருந்து இன்ஆக்டிவ் கோப்புப் பக்கங்களை மட்டும் கழித்தது. ஆக்டிவ் பக்கங்கள் அதில் இருக்கும். தேவைப்பட்டால் கெர்னல் அவற்றை விடுவித்துவிடும். அந்தக் கோடு உயரத்தில் இருப்பதை மட்டும் வைத்து லிமிட்டை ஏற்றாதீர்கள். ஆர்எஸ்எஸ்ஸைத் தனியாகப் பாருங்கள்.

நான்காவது கொஞ்சம் வேடிக்கையானது. பாட் உயிரோடு, தயாராக இருக்கிறதா என்று குபர்நெட்டிஸ் சோதிக்கும் லைவ்னெஸ், ரெடினெஸ் ப்ரோப்களுக்கு ராபிட்எம்க்யூ டயக்னாஸ்டிக்ஸ் கட்டளையை எக்ஸெக் மூலம் ஓட்டுகிறீர்களா? அந்தக் கட்டளை ஒவ்வொரு முறையும் ஒரு புது எர்லாங் வர்ச்சுவல் மெஷினையே எழுப்புகிறது. அது அதே கன்டெய்னருக்குள், அதே லிமிட்டுக்குள். பல பத்து எம்பி மெமரியும் சிபியூவும் எடுத்துவிட்டுப் போகும். நோட் திணறும் நேரத்தில் ப்ரோப்பும் தாமதமாகி, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, நல்ல நோட்டைக் கொன்றுவிடும். ஆபரேட்டர் வெறும் டிசிபி ப்ரோப் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நீங்களும் 5672 போர்ட்டில் டிசிபி ரெடினெஸ் ப்ரோப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோரம் க்யூக்கள்தான் உங்கள் விஷயத்தில் கீழ்வரம்பை நிர்ணயிக்கின்றன. ஒரு நோட்டில் இருக்கும் எல்லாக் கோரம் க்யூக்களும் ஒரே ரைட்-அஹெட் லாகை (எல்லாவற்றையும் முதலில் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு) பகிர்ந்துகொள்கின்றன. அதில் எழுதப்பட்டவை, செக்மென்ட் கோப்புகளுக்கு மாறும் வரை மெமரியிலும் இருக்கும். அந்த லாக் கோப்பின் இயல்பு அளவு 512 எம்பி. குறைந்தது அதன் மூன்று மடங்கு மெமரியாவது ஒதுக்குங்கள் என்று ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். நெரிசல் அதிகம் என்றால் இன்னும் கூடுதலாக. மூன்று மடங்கு என்றால் 1.5 ஜிபி.

இப்போது மேலே போட்ட கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். 2 ஜிபி லிமிட்டில் ஐந்தில் ஒரு பங்கு போக 1.6, அதில் 0.4 என்றால் 0.64 ஜிபி. கோரம் க்யூவுக்கு அது பாதி வேலைக்குக்கூடப் போதாது. வாட்டர்மார்க்கைச் சரியாக வைத்தாலும் அலாரம் எந்நேரமும் அடித்துக்கொண்டிருக்கும். 4 ஜிபியில் 0.4 வைத்தால் 1.28, அதுவும் 1.5-க்குக் கீழே. 4 ஜிபியில் 0.6 வைத்தால் 1.92. அதனால்தான் 4 ஜிபியில் தொடங்குங்கள் என்றேன், அதனால்தான் 3.13-ல் 0.6-ஐ நீங்களே எழுத வேண்டும் என்கிறேன். பணம் இல்லை, 2 ஜிபிதான் தருவார்கள் என்றால் லாக் அளவைக் குறையுங்கள். ராஃப்ட் வால் மேக்ஸ் சைஸ் பைட்ஸ் என்ற அமைப்பை 64 எம்பி அளவுக்கு இறக்கினால் மெமரி நெருக்கடி நன்றாகத் தணியும், பதிலுக்கு டிஸ்க்கில் எழுதும் வேலை அடிக்கடி நடக்கும். மெசேஜ் அளவு சின்னதாக, வேகம் மிதமாக இருக்கும் இடங்களில் இது நியாயமான பேரம்.

அடுத்தது, அலாரம் அடித்தால் என்ன ஆகும் என்பது. வாட்டர்மார்க்கைச் சரியாக வைத்த மறுநாள் இந்தப் புகார் வரும்: பாட் சாகவில்லை, ஆனால் அப்ளிகேஷன் உறைந்துவிட்டது. அது எதிர்பார்த்ததுதான். ஒரு நோட்டில் அலாரம் எழுந்தால் கிளஸ்டரின் எல்லா நோட்களிலும் பப்ளிஷர்கள் நிறுத்தப்படுவார்கள். ஒரு நோட்டில் மட்டும் க்யூ லீடர்கள் (ஒரு க்யூவின் பிரதிகளில் வேலையை முன்னின்று நடத்துவது) குவிந்திருந்தால் மற்ற இரண்டும் காலியாக இருக்கும்போதே மொத்தமும் நின்றுபோகும். ரோலிங் ரீஸ்டார்ட் முடிந்த பிறகு இது சகஜம். முதலில் இறங்கிய பாடின் லீடர்கள் மற்றவற்றுக்குப் போய்விடும், தானாகத் திரும்பி வருவதில்லை. ராபிட்எம்க்யூ-க்யூஸ் கட்டளையில் இருக்கும் ரீபேலன்ஸை ரீஸ்டார்ட்டுக்குப் பின் ஓட்டும் பழக்கம் வையுங்கள்.

இதைவிட மோசமான ஒரு சிக்கல் அப்ளிகேஷன் பக்கம் இருக்கிறது. ஒரே கனெக்‌ஷனில் அனுப்பவும் வாங்கவும் செய்கிறீர்களா என்று பாருங்கள். பப்ளிஷரை நிறுத்துவது என்றால் நோட் அந்த சாக்கெட்டிலிருந்து படிப்பதையே நிறுத்திவிடுகிறது. அதே கனெக்‌ஷனில் கன்ஸ்யூமர் அனுப்பும் அக்னாலெட்ஜ்மென்ட்டும் (மெசேஜ் வேலை முடிந்தது என்ற பதில், சுருக்கமாக அக்) உள்ளே வர முடியாது. அக் வராததால் க்யூ காலியாகாது, காலியாகாததால் மெமரி குறையாது, குறையாததால் அலாரம் இறங்காது. கையால் உடைக்கும் வரை அப்படியே நிற்கும். அனுப்ப ஒரு கனெக்‌ஷன், வாங்க ஒரு கனெக்‌ஷன் என்று பிரிப்பதுதான் தீர்வு. கூடவே, நிறுத்தப்பட்ட செய்தியைக் கிளையன்ட் கேட்கும்படி செய்யுங்கள். ஜாவா கிளையன்ட்டில் அதற்கு பிளாக்ட் லிஸனர் இருக்கிறது, பைத்தானின் பிக்காவில் பிளாக்ட் கனெக்‌ஷன் டைம்அவுட் என்ற அமைப்பு இருக்கிறது. இது இல்லாத அப்ளிகேஷன், எந்த எர்ரரும் காட்டாமல் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

லிமிட்டைத் தீர்மானிக்கும் முன் மெமரி எங்கே போகிறது என்றும் பார்த்துவிடுவது நல்லது. டயக்னாஸ்டிக்ஸ் கட்டளையில் மெமரி பிரேக்டவுன் என்று ஒன்று உண்டு. வகை வாரியாகப் பிரித்துக் காட்டும். கனெக்‌ஷன் ரீடர்கள், ரைட்டர்கள், சேனல்கள் என்ற வரிகள் பெரிதாக இருந்தால் க்யூவைத் தொட்டுப் பயனில்லை. ஒரு கனெக்‌ஷனுக்குக் குறைந்தது 100 கேபி என்று வையுங்கள். பத்தாயிரம் கனெக்‌ஷன் என்றால் ஒரு மெசேஜ்கூட இல்லாமலேயே ஏறக்குறைய 1 ஜிபி. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புது கனெக்‌ஷன் திறக்கும் வெப் அப்ளிகேஷன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், சேனலைத் திறந்துவிட்டு மூடாமல் விடுபவற்றை இன்னும் அதிகம். கனெக்‌ஷன்கள் நிஜமாகவே அவ்வளவு தேவை என்றால், ஐஓடி கருவிகள் போன்றவற்றுக்கு, சாக்கெட்டின் அனுப்பும், வாங்கும் பஃபர் அளவுகளைக் கான்ஃபிக்கில் குறைக்கலாம். வேகம் கொஞ்சம் குறையும், மெமரி நன்றாகக் குறையும்.

பைனரி என்ற வரி பெரிதாக இருந்தால் அங்கே இருப்பவை பெரும்பாலும் மெசேஜ் உடல்கள். 64 பைட்டுக்கு மேற்பட்ட பைனரிகளை எர்லாங் ப்ராசஸ் ஹீப்புக்கு வெளியே பொதுவில் வைத்து, யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கை வைத்துக்கொள்ளும். பிடித்திருக்கும் கடைசி ப்ராசஸ் சுத்தம் செய்யப்படும் வரை அது போகாது. இங்கே முதல் சந்தேகம் ப்ரீஃபெட்ச் மேல் விழ வேண்டும்; அக் வராமலே ஒரு கன்ஸ்யூமருக்கு எத்தனை மெசேஜ் வரை தரலாம் என்ற எண் அது. கன்ஸ்யூமர் ப்ரீஃபெட்ச் எதுவும் சொல்லாவிட்டால் வரம்பே இல்லை என்று பொருள். நோட் இருப்பதை எல்லாம் தள்ளிவிடும், அக் வரும் வரை அவை கணக்கில் நிற்கும். உங்கள் கன்ஸ்யூமர் மெதுவாகும்போது பாட் சாகிறது என்கிறீர்களே, இதைக் கட்டாயம் பாருங்கள். வேலை கனமானது என்றால் 10, 20. லேசானது என்றால் சில நூறு. அதற்கு மேல் ஏற்றினால் வேகம் கூடியதாக நான் அதிகம் பார்த்ததில்லை.

அலகேட்டட் அன்யூஸ்டு என்ற வரி பெரிதாக இருப்பது வேறு கதை. எர்லாங் தன் ஷெட்யூலர் (ப்ராசஸ்களை சிபியூவில் ஓட்டுவது) ஒவ்வொன்றுக்கும் தனியாக மெமரிக் கிடங்கு வைத்துக்கொள்ளும், கேட்டு வாங்கியதை உடனே திருப்பிக் கொடுக்காது. ஷெட்யூலர் எண்ணிக்கை சிபியூ எண்ணிக்கையைப் பொறுத்தது. 2020-ல் வந்த ஓடிபி 23 முதல் எர்லாங் கன்டெய்னரின் சிபியூ கோட்டாவைப் பார்த்து அதற்கேற்பக் குறைத்துக்கொள்கிறது. ஆனால் கோட்டா வருவது சிபியூ லிமிட்டிலிருந்துதான், ரிக்வெஸ்ட்டிலிருந்து வராது. சிபியூ லிமிட் போடாதே என்ற பொது அறிவுரையைப் பின்பற்றி 64 கோர் மெஷினில் ஒரு சின்ன நோட்டை ஓட்டினால் 64 ஷெட்யூலர்கள் எழும். லிமிட் போட விருப்பமில்லை என்றால் எர்லாங்கின் ப்ளஸ் எஸ் கொடியால் எண்ணிக்கையை நீங்களே சொல்லிவிடலாம்.

ஒரு மெசேஜ்கூட வரும் முன்பே, எழுந்த உடனேயே ஒன்றிரண்டு ஜிபி சாப்பிடும் நோட் உங்களிடம் இருந்தால் காரணம் பெரும்பாலும் ஓபன் ஃபைல் வரம்பு. எர்லாங் தன் போர்ட் அட்டவணையின் அளவைக் கோப்பு வரம்பைப் பார்த்து முடிவு செய்கிறது. வரம்பு 65536-ஐத் தாண்டினால் அட்டவணையும் கூடவே வளரும். 2018 கடைசியில் வந்த சிஸ்டம்டி 240 கெர்னலின் உச்ச வரம்பை நூறு கோடிக்கு மேல் தூக்கிவிட்டது. கன்டெய்னர் சர்வீஸ் கோப்பில் இன்ஃபினிட்டி என்று எழுதியிருந்தால் அந்த எண் அப்படியே உள்ளே வந்து, அட்டவணைக்கு மட்டுமே ஜிபி கணக்கில் ஒதுக்கப்படும். ஒரு டெவலப்பர் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடும் கம்போஸ் கோப்பு இன்னொருவர் லேப்டாப்பில் தொடக்கத்திலேயே செத்துப்போகும் மர்மம் பல முறை இதுதான். டாக்கரில் நோஃபைல் அல்லிமிட்டை 65536 என்று கொடுங்கள், அல்லது எர்லாங்குக்கு ப்ளஸ் க்யூ கொடியை அதே எண்ணோடு கொடுங்கள்.

க்யூக்களுக்கு நீள வரம்பு வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. கன்ஸ்யூமர் ஒரு நாள் முழுக்க நின்றாலும் தாங்க வேண்டும் என்று நினைத்தால் மெமரியைப் பெருக்குவது அதற்கான வழி இல்லை. 3.10 முதல் கோரம் க்யூ மெசேஜ் உடல்களை மெமரியில் வைத்திருப்பதில்லை. ஆனாலும் ஒவ்வொரு மெசேஜுக்கும் சிறிய குறிப்பு ஒன்று மெமரியில் நிற்கும், கோடிக்கணக்கில் தேங்கினால் அதுவும் கனக்கும். பாலிசியில் மேக்ஸ் லெங்த் வைத்து, ஓவர்ஃப்ளோவை ரிஜெக்ட் பப்ளிஷ் ஆக்குங்கள். இயல்பான ட்ராப் ஹெட் பழைய மெசேஜைச் சத்தமில்லாமல் தூக்கிப்போடும். பேமென்ட் மாதிரி விஷயங்களில் அது வேண்டாம். ரிஜெக்ட் என்றால் பப்ளிஷர் கன்ஃபர்ம் வழியாக அனுப்பியவருக்கு மறுப்பு போகும், அவர் தன் பக்கம் முடிவெடுக்கலாம். டிஸ்க் பக்கமும் ஒரு பார்வை: டிஸ்க் ஃப்ரீ லிமிட்டின் இயல்பு வெறும் 50 எம்பி. அது தீர்ந்தாலும் இதே மாதிரி பப்ளிஷர்கள் நிறுத்தப்படுவார்கள். ஆபரேட்டர் 2 ஜிபி வைக்கிறது, நீங்களும் அதையே வையுங்கள்.

ரிக்வெஸ்ட்டும் லிமிட்டும் சமமாக இருக்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம், மெஷினில் மெமரி நெருக்கடி வரும்போது குபர்நெட்டிஸ் முதலில் கைவைப்பது ரிக்வெஸ்ட்டைத் தாண்டி ஓடும் பாட்களின் மேல். அப்போது காட்டுவது ஓஓஎம்கில்ட் ஆக இருக்காது, எவிக்டட் என்று இருக்கும். காரணம் உங்கள் க்யூவாகவே இருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் ஓடிய ஏதோ ஒரு பேட்ச் வேலையாக இருக்கலாம். டேட்டா வைத்திருக்கும் பாடை அந்தச் சூதாட்டத்தில் உட்கார வைக்காதீர்கள்.

செத்த பாட் திரும்ப எழ மறுத்து க்ராஷ்லூப்பில் மாட்டினால், நோட் எழும்போது லாகை மீண்டும் படித்துக் க்யூக்களைக் கட்டியெழுப்புகிறது என்பதை நினைவில் வையுங்கள். அந்த வேலைக்குச் சாதாரண நாளைவிட அதிக மெமரி தேவைப்படலாம். லிமிட்டைத் தற்காலிகமாக இரட்டிப்பாக்கி எழுப்புங்கள், கன்ஸ்யூமர்களை விட்டுக் காலி செய்யுங்கள், பிறகு இறக்குங்கள். டேட்டா வால்யூமை அழித்துவிட்டு எழுப்பலாமே என்று யாராவது சொன்னால், மற்ற இரண்டு நோட்களிலும் எல்லாக் க்யூவும் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்.

கண்காணிப்புக்கு ப்ரோமிதியஸ் ப்ளக்இன் போதும், 15692 போர்ட். நோட்டின் ரெசிடென்ட் மெமரி, அதன் வரம்பு இரண்டையும் அது தருகிறது. ஒன்றை மற்றதால் வகுத்து 0.8 தாண்டினால் உங்களை எழுப்பும்படி வையுங்கள். அலாரம் அடித்த பிறகு தெரிந்து பயனில்லை, அதற்குள் பப்ளிஷர்கள் நின்றிருப்பார்கள். கன்டெய்னர் அளவிலான வொர்க்கிங் செட்டையும் அதே வரைபடத்தில் போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையே இருக்கும் தூரம்தான் பேஜ் கேஷும் மற்றவையும். அது உங்கள் சிஸ்டத்தில் எவ்வளவு என்று சில வாரத்தில் தெரிந்துவிடும், ஐந்தில் ஒரு பங்கு ஒதுக்கீடு போதுமா என்பதும் அப்போது புரியும்.

எல்லாம் முடித்ததும் ஸ்டேஜிங்கில் அலாரத்தை வேண்டுமென்றே அடிக்கவிட்டுப் பாருங்கள். ராபிட்எம்க்யூசிடிஎல் கட்டளையால் ஓடும் நோட்டிலேயே வாட்டர்மார்க்கை 0 ஆக்கலாம். அந்தக் கணமே எல்லாப் பப்ளிஷரும் நிற்கும். உங்கள் அப்ளிகேஷன் என்ன செய்கிறது, கன்ஸ்யூமர்கள் தொடர்ந்து வாங்குகிறார்களா, எச்சரிக்கை உங்கள் போனுக்கு வருகிறதா என்று பாருங்கள். பழைய மதிப்பைத் திரும்பக் கொடுத்தால் சரியாகிவிடும். கட்டளையால் மாற்றியது ரீஸ்டார்ட்டில் போய்விடும் என்பதால் கான்ஃபிக் கோப்பு பத்திரம்.

இவ்வளவுக்குப் பிறகும் 4 ஜிபியில் விழுந்தால், விழுவதற்குச் சற்று முன் எடுத்த மெமரி பிரேக்டவுன், நோட் எழுந்தபோது எழுதிய அந்த வாட்டர்மார்க் லாக் வரி, மொத்தக் கனெக்‌ஷன், சேனல் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் கொடுங்கள். அவை இல்லாமல் இன்னொரு எண்ணைச் சொன்னால் அது ஊகம்தான்.